பழைய ஆட்டமும் இரண்டாவது ரிமோட்டும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டிற்கு வந்திருந்த மூத்த நண்பர் ஒருவர், கூடத்தில் நான் இருந்த கோலத்தைக் கண்டு சற்றுத் திகைத்துப் போனார். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சிறு கருவி ஒன்றை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, தொலைக்காட்சித் திரையில் ஓடுகின்ற மீசைக்காரக் குள்ளன் பள்ளத்தில் விழாமல் தப்ப வேண்டுமே என்ற கவலையில் என் உடம்பையே வலப்புறம் சாய்த்துக்கொண்டிருந்தேன். "44 வயதில் இது என்ன விளையாட்டு? அதுவும் அந்தக் காலத்து விளையாட்டு!" என்றார் அவர். விளையாடுவதைக்கூட மன்னித்துவிடுவார் போலிருந்தது. முன்பே ஆடி முடித்த ஒன்றை மறுபடியும் ஆடுவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கணத்தில் குள்ளனும் விழுந்துவிட்டான். நண்பருக்குக் காபி கொடுத்து உபசரித்து அனுப்பினேன். விடை மட்டும் கொடுக்கவில்லை. அதை இந்த மாதம் இங்கே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

நேயர்களில் பலருடைய வீடுகளில், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இத்தகைய விளையாட்டுப் பெட்டி ஒன்று நுழைந்திருக்கும். எங்கள் வீட்டில் அது 1993-ஆம் ஆண்டு கோடையில் நுழைந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்குப் போவது எங்கள் வழக்கம். அந்த ஆண்டு அத்தையின் மகள் திருமணத்திற்குப் பணம் அனுப்ப நேர்ந்ததால் பிரயாணம் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில், மே மாதத்து அனற்காற்றில், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எங்கள் முகத்தைப் பார்க்கச் சகியாமல், ஒரு சனிக்கிழமை அவர் எங்களைக் கன்னாட் பிளேசுக்கு அழைத்துச் சென்றார். பாலிகா பஜாரின் படிகளில் இறங்கியபோது எனக்கு வயது 12. என் தம்பிக்கு 9. அங்கே நெடுநேரம் பேரம் பேசி வாங்கிய பெட்டி, ஜப்பானியப் பெட்டியைப் பார்த்து வேறெங்கோ செய்யப்பட்ட போலி. அதனுடன் கொடுத்த கேசட்டின்மேல் '9999 விளையாட்டுகள்' என்று அச்சிட்டிருந்தது. எண்ணிப் பார்த்ததில் உண்மையான விளையாட்டுகள் இருபதைத் தாண்டவில்லை. மற்றவையெல்லாம் அதே விளையாட்டு நடுவிலிருந்து தொடங்குவதுதான். ஆனால் அந்த இருபதில் ஒன்று 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. அது ஒன்றே போதுமாயிருந்தது.

நிற்க. இந்த வகை விளையாட்டைப் பற்றி அறியாத பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆடுபவன் ஓட வேண்டும், தாவ வேண்டும். வலப்பக்கம் போகப் போகத் திரையும் உடன் நகர்ந்து புதிய நிலப்பரப்பைக் காட்டிக்கொண்டே வரும். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து போபாலையும் நாகபுரியையும் கடந்தவர்களுக்கு இந்த இன்பத்தை விளக்கத் தேவையில்லை. 1981-இல் வந்த 'டாங்கி காங்' விளையாட்டில் தாவல் இருந்தது, திரை நகரவில்லை. மறு ஆண்டு அமெரிக்காவில் வந்த 'பிட்ஃபால்' விளையாட்டில் காடு நீண்டு கிடந்தது. ஆயினும் ஒரு திரை முடிந்து அடுத்த திரை சட்டென்று மாறும். திரை வழுக்கிக்கொண்டு நகர்வதையும், தாவலின் சுகத்தையும், அடுத்து என்ன வருமோ என்னும் ஆவலையும் ஒன்றாகச் சேர்த்து உலகத்தின் கைகளில் கொடுத்தது 1985 செப்டம்பர் 13-ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'தான். அதை ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுக்காவும் வகுத்தார்கள். கோஜி கோண்டோ இசை அமைத்தார். 8 உலகங்கள், உலகத்திற்கு 4 கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். படம், இசை, கணக்கு எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கு அதைப் போல் பல மடங்கு இடம் வேண்டியிருக்கிறது. அந்தச் சிக்கனத்தில்தான் வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே வடிவமாக வைத்து, நிறத்தை மட்டும் வெள்ளையாகவும் பச்சையாகவும் மாற்றியிருக்கிறார்கள். சிறுவனாக இருந்தபோது இதை நான் கவனிக்கவேயில்லை. மேகம் மேகமாகவும் புதர் புதராகவும்தான் தெரிந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது என் மகளுக்கென்று புதிய விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஆண்டுச் சந்தா கட்டினால் பழைய விளையாட்டுகள் பலவற்றை அதில் ஆடலாம் என்று தெரிந்தது. ஓரிரவு வீட்டார் உறங்கிய பின் மெல்ல எடுத்து ஆடிப் பார்த்தேன். முதலில் நேர்ந்தது வியப்பு. மூளைக்கு நினைவில்லாததெல்லாம் விரல்களுக்கு நினைவிருந்தது. முதற் கட்டத்தில் நான்காவது குழாயைத் தாண்டி, பள்ளம் வருவதற்குச் சற்று முன்னால், கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்று காற்றில் இருக்கிறது. முட்டினால் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும். அந்த இடம் வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. கட்டைவிரல் தானாக அழுத்தியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் குடியிருந்த வீட்டில் இருட்டில் சுவிட்சைத் தடவிக் கண்டுபிடித்ததைப் போல இருந்தது.

இரண்டாவதாக நேர்ந்தது அவமானம். விழுந்தேன். எளிய பள்ளங்களிலெல்லாம் விழுந்தேன். எட்டாம் உலகத்தை எட்டி உதைத்த வீரன் இரண்டாம் உலகத்திலேயே மூன்று உயிர்களையும் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எல்லாம் முன்னைவிட வேகமாக நடப்பதாகத் தோன்றியது, பாட்டுக்கூட அவசரப்பட்டது. வயதாகிவிட்டது என்று முதலில் எண்ணினேன். கண் மருத்துவரிடம் போகலாமா என்றுகூட ஒரு யோசனை. பிறகு குற்றத்தைப் புதிய தட்டைத் தொலைக்காட்சியின்மேல் போட்டேன். அதில் நியாயமும் உண்டு. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் படம் வந்தது வந்தபடியே திரையில் விழும். இன்றைய திரைகள் படத்தை வாங்கி, மெருகேற்றி, அதன் பிறகே காட்டுகின்றன. பொத்தானை அழுத்துவதற்கும் குள்ளன் தாவுவதற்கும் இடையே கண்ணிமைப்பில் ஒரு பங்கு தாமதம் உண்டாகிவிடும். அமைப்புகளுக்குள் புகுந்து 'கேம் மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நானும் தேர்ந்தெடுத்தேன். சரியாயிற்று, ஆனால் வேகம் குறையவில்லை.

உண்மை பிறகுதான் விளங்கியது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அக்காலத் தொலைக்காட்சி திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பித்து வரைந்தது. நம் நாட்டிலோ 50 முறை. இந்த விளையாட்டில் நடை, ஓட்டம், தாவல், இசை, திரை மூலையில் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் ஆகிய யாவும் அந்தப் புதுப்பிப்பை எண்ணியே நடக்கின்றன. ஜப்பானியருக்காக எழுதிய ஆட்டத்தை நம் ஊர்த் தொலைக்காட்சிக்கேற்ற போலிப் பெட்டியில் மாற்றாமல் போட்டுவிட்டதால், ஒவ்வொரு விநாடியிலும் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது எங்கள் வீட்டில் ஆறு நிமிடம் ஓடியது. நான் வீரனாக இருந்தது அந்த மெதுவான உலகத்தில்! உண்மையான வேகத்தில் அந்த விளையாட்டை முதன்முதலாக ஆடியது என் 42-ஆம் வயதில்தான். அறிந்தபின் மனம் சமாதானமாயிற்று. ஒரு மாதம் பழகியபின் விரல்களும் சமாதானமாயின. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு மட்டும் இன்றுவரை எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. மெதுவாகக் கேட்டதே என் காதிற்கு மெட்டாக நிலைத்துவிட்டது.

இனி, மறுபடி ஆடுவதால் என்ன கிடைக்கிறது என்ற நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சிறுவனாக ஆடும்போது ஆட்டத்தை முடிப்பதிலேயே குறியாக இருந்தேன். இப்போது அதை வகுத்தவனின் மனம் தெரிகிறது. முதற் கட்டத்தின் தொடக்கத்தையே பாருங்கள். எந்த அறிவுரையும் எழுதியிராது. எதிரே ஒரு பழுப்பு நிறக் காளான் பூதம் வரும்; தாவாவிட்டால் செத்தாய், அதனால் தாவக் கற்றுக்கொள்கிறாய். பெட்டியை முட்டினால் ஒரு நல்ல காளான் வெளிப்பட்டு வலப்புறம் உருண்டு போகிறது. பூதத்திடம் அடிபட்டவன் இதையும் பூதமென்று எண்ணி ஓடிவிடக்கூடும் அல்லவா? அந்தக் காளான் குழாயில் மோதித் திரும்பி உன்னிடமே வருகிறது. தப்ப முயன்றாலும் அநேகமாக மேலே பட்டுவிடும், பட்டவுடன் பெரியவனாகிறாய், காளான் நல்லது என்று தெரிந்துவிடுகிறது. கட்டத்தின் முடிவுப் பக்கத்தில் எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் வருகின்றன. இடையில் தரை இருக்கிறது. தவறி விழுந்தால் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் மறுபடியும் இரண்டு படிக்கட்டுகள். இப்போது இடையில் பள்ளம். முதலில் அச்சமில்லாத இடத்தில் பழக்கிவிட்டு, பிறகு அச்சமுள்ள இடத்தில் அதையே செய்யச் சொல்கிறார்கள். என் அப்பா எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது இப்படித்தான். முதல் நாள் பூங்காவின் புல்தரையில், பிறகு தார்ச் சாலையில்.

தாவல் என்ற ஒன்றையே எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு விளையாட்டும் அதை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. மாரியோ விஷயத்தில் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் நேரத்தைப் பொறுத்துத் தாவலின் உயரம் கூடும். தாவிய பின் காற்றிலும் சற்று முன்பின் திருத்திக்கொள்ளலாம். 1986-இல் வந்த 'காசில்வேனியா'வில் அந்தச் சலுகை இல்லை. கால் தரையை விட்டதும் வில்லை விட்ட அம்பு. எங்கே போய் விழ வேண்டுமோ அங்கேதான் விழும். இளமையில் இதைக் குறையென்று ஏசியிருக்கிறேன். இப்போது ஆடும்போது, தாவுமுன் யோசி என்று ஆட்டம் கண்டிப்புடன் சொல்வதாகப்பட்டு, அதன்மேல் மரியாதை பிறந்திருக்கிறது. 1988-இல் வந்த 'நிஞ்சா கெய்டன்' மேல் அந்த மரியாதை எனக்குப் பிறக்கவில்லை. வெட்டி வீழ்த்திய எதிரி, திரை ஓரம் சற்றுப் பின்னே போய் வந்தால் மறுபடி முளைத்து நிற்கிறான்; தாவும் நேரம் பார்த்துப் பறவையொன்று வந்து மார்பில் மோதிப் பள்ளத்தில் தள்ளுகிறது; இறுதிப் போரில் தோற்றால் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திற்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதைப் போற்றுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். 1991-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'சோனிக்' என்ற நீல முள்ளெலியையும் நான் முழு மனத்துடன் ஏற்கவில்லை. வேகம் வேகம் என்று ஓட வைத்துவிட்டு, எதிரே முள் வருவது தெரியும்முன் குத்திவிடுகிறது. கட்டத்தை மனப்பாடம் செய்தவனுக்குத்தான் அந்த வேகம் உண்மையில் சொந்தம். ஆகவே அது முதல் முறை ஆடுவதைவிட ஐந்தாம் முறை ஆடுவதற்கே தகுந்தது என்பேன்.

பள்ளிக்கூடத்துக் கணிப்பொறி அறையில் ஆசிரியர் இல்லாத வேளைகளில் ஆடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே, அதில் திரை நகராமல் மாறும் என்றாலும். 1989-இல் வெளியான அந்த விளையாட்டில் இளவரசனின் ஓட்டமும், விளிம்பைப் பற்றித் தொங்கி ஏறும் பாங்கும் உயிருள்ள மனிதனுடையவை போலவே இருக்கும். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தம் தம்பிக்கு வெள்ளை உடுப்பு அணிவித்து, ஓடச் சொல்லியும் தாவச் சொல்லியும் வீடியோவில் எடுத்து, ஒவ்வொரு படமாக வரைந்து அதைச் செய்தார். தம்பிமார்கள் அண்ணன்மாருக்கு எத்தனை விதங்களில் பயன்பட்டிருக்கிறார்கள்!

இதை எழுதும்போது நான் சிரித்துக்கொண்டே எழுதவில்லை. காரணம் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் ஆட்டத்தை இடையில் சேமித்து வைக்க வழியில்லை. ஏழாம் உலகத்தில் நிற்கும்போது மின்சாரம் போய்விட்டால் எல்லாம் போயிற்று. டில்லிக் கோடையில் அது போகாத நாள் குறைவு. கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவோம். அதனால் பயன் ஏதும் இல்லை, எச்சில் ஈரம்பட்டு உலோக முனைகள் கெடத்தான் செய்யும் என்று இப்போது அறிகிறேன். உயிரெல்லாம் தீர்ந்த பிறகு தொடக்கத் திரையில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டே 'ஸ்டார்ட்' அழுத்தினால் விட்ட உலகத்திலிருந்தே தொடரலாம் என்னும் இரகசியமும் அப்போது எங்களுக்குத் தெரியாது. இருபது ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன லாபம்? 'கோன்ட்ரா'வில் முப்பது உயிர் பெறும் சூத்திரம் மட்டும் எப்படியோ தெரு முழுவதும் பரவியிருந்தது. மேல், மேல், கீழ், கீழ் என்று தொடங்கும் அந்தச் சூத்திரத்தை முதலில் அமைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர். 1986-இல் 'கிரேடியஸ்' என்ற விளையாட்டைச் சோதிக்கையில் அது தமக்கே கடினமாயிருந்ததால் அமைத்துக்கொண்டாராம். 2020-இல் அவர் காலமான செய்தியைப் படித்தபோது, நேரில் காணாத ஒருவருக்காக உண்மையாகவே வருந்தினேன்.

இப்போது வந்துள்ள புதிய பெட்டியிலோ எந்த இடத்திலும் நிறுத்திச் சேமிக்கலாம். அது மட்டுமன்று, காலத்தையே பின்னோக்கி ஓட்டும் வசதியும் இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டியதுதான். குள்ளன் பள்ளத்திலிருந்து எழும்பி, தாவுமுன் நின்ற இடத்திற்கே வந்து நிற்பான். இது முறையா என்று எனக்கும் என் மகளுக்கும் பெரும் வழக்கு. அவளுக்கு வயது 11. "விழுந்ததைத் திருத்திக்கொண்டால் என்ன தப்பு அப்பா? பரீட்சையில் ரப்பரால் அழிப்பதில்லையா?" என்பது அவள் வாதம். விழுவதற்கு அஞ்சாதவனின் தாவலில் சுவை இல்லை என்பது என் வாதம். உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இரவில் அரைமணி நேரம் கிடைக்கும் ஒருவன் அந்த வசதியைப் பயன்படுத்தினால் நான் குறை சொல்லமாட்டேன். சில இரவுகளில் நானே பயன்படுத்தியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

வழக்குத் தீர்ந்தது வேறு விதமாக. ஒரு விடுமுறை நாளில், இருவருமாகச் சேர்ந்து ஆடலாம் என்று அவள் என்னை அழைத்தாள். இந்த விளையாட்டில் இருவர் ஆடுவது என்றால் இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவதன்று. முதல்வன் மாரியோ, இரண்டாமவன் அவன் தம்பி லூயிஜி. மாரியோ சாகும்வரை லூயிஜிக்கு முறை வராது. கட்டத்தை முடித்தாலும் வராது; செத்தால்தான் வரும். அவள் மாரியோ, நான் லூயிஜி. அவள் விழுந்தாள், காலத்தைத் திருப்பினாள், மறுபடி தாவினாள். பூதத்தின்மேல் மோதினாள், திருப்பினாள். முதலாம் உலகம் முடிந்தது. இரண்டாம் உலகம் முடிந்தது. நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் 40 நிமிடம் ஓடிவிட்டது. "இது நியாயமா, என் முறை வரவே வராதா?" என்று கேட்டே விட்டேன், ஒரு சிறுவனின் குரலில். அவள் திரும்பிப் பார்த்து, "நீங்கள் சித்தப்பாவோடு ஆடும்போது எப்படி?" என்று கேட்டாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை.

அந்தக் கோடையில் மாரியோ எப்போதும் நான்தான். பெட்டியைப் பொருத்துவது நான். தொலைக்காட்சியில் அதற்குரிய சேனலைத் தேடிப் பிடிப்பதும் நான். ஆதலால் முதல் ரிமோட் என்னுடையது என்பது எழுதாத சட்டமாயிருந்தது. நான் கெட்டிக்காரனாக ஆக ஆக, தம்பியின் முறை தள்ளிக்கொண்டே போயிற்று. அவன் முறை வந்தால் அரை நிமிடத்தில் பூதத்திடம் மாட்டிக்கொள்வான்; பழக்கம் இருந்தால்தானே ஆட வரும்? பிற்பகல் முழுதும் இரண்டாவது ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அழுததாக நினைவில்லை, அம்மாவிடம் முறையிட்டதாகவும் நினைவில்லை. அவன் ஆட்டத்தை ரசித்துக்கொண்டிருக்கிறான் என்றே நான் இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். பழைய ஆட்டங்களை ஆடும்போதெல்லாம் "நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடியது" என்று மகளிடம் பெருமையாகச் சொல்லியும் வந்திருக்கிறேன்.

தம்பி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். அப்பா காலமான பின், ஊரிலுள்ள வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு எழுந்து, மூன்று ஆண்டுகளாக மனத்தாங்கலாக நிற்கிறது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்து தரகரிடம் சொன்னவன் நான். அவனிடம் பிறகுதான் சொன்னேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் செய்தி அனுப்பிக்கொள்வதோடு சரி. ஊரை விட்டு வந்து குடியேறிய குடும்பங்களில் இது புதிதன்று. நேயர்கள் பலர் தம் வீட்டுக் கதையையே நான் எழுதிவிட்டதாக எண்ணக்கூடும். மகள் கேட்ட அன்று இரவு, வீட்டைப் பற்றிப் பேசுவதற்கல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அவனுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"லூயிஜியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றேன்.

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு அவன் சிரிப்பது கேட்டது. "நீ பள்ளத்தில் விழ வேண்டும் என்று மலை மந்திர் முருகனிடம் தேங்காய் நேர்ந்துகொண்டவன் நான், அண்ணா" என்றான். "அம்மாவிடம் காசு கேட்டேன்; எதற்கு என்று கேட்டாள்; பரீட்சைக்கு என்று சொன்னேன்."

அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம். நான் அறியாத செய்தியெல்லாம் சொன்னான். காத்திருக்கும் நேரத்தில், முந்தைய ஆண்டு நோட்டுப் புத்தகத்தின் எழுதாத பக்கங்களில் ஒவ்வொரு கட்டத்தையும் அவன் படமாக வரைந்திருக்கிறான். எந்தப் பெட்டியில் காசு, எந்தக் குழாயில் வழி, எத்தனையாவது பூதம் எங்கே என்பதெல்லாம் அதில் உண்டாம். நான்காம் உலகத்துக் கோட்டையில் நான் தவறான பாதையில் போய்ப் போய் அதே இடத்திற்குத் திரும்பி வந்துகொண்டிருந்த அன்று, "மேலே போ" என்று ஒரு சிறு குரல் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அது அவன் குரல்தான். நோட்டைப் பார்த்துச் சொன்னானாம். அதற்குப் பிறகும் நான் அவனுக்கு ரிமோட்டைக் கொடுக்கவில்லை.

நண்பருக்குச் சொல்ல நினைத்த இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகத்தை மறுபடி படிக்க வேண்டுமானால் அலமாரியிலிருந்து எடுத்தால் போதும். பழைய விளையாட்டுகளின் நிலை அப்படியன்று. அமெரிக்காவில் வெளிவந்த பழைய வீடியோ விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று, விளையாட்டு வரலாற்றைக் காக்கும் அந்நாட்டு நிறுவனம் ஒன்று 2023-இல் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ நிறுவனம் தன் பழைய இரண்டு பெட்டிகளுக்கான இணையக் கடையை மூடிற்று. மாரியோவின் 35-ஆம் ஆண்டு நிறைவையொட்டி வெளியிட்ட ஒரு போட்டி விளையாட்டை 2021 மார்ச் 31-உடன் நிறுத்திவிட்டார்கள். இன்று அதை ஆட விரும்பினாலும் முடியாது. நான் சந்தா கட்டி ஆடும் விளையாட்டும் எனக்குச் சொந்தமன்று. சந்தா நின்றால் அதுவும் நிற்கும். எங்கள் பாலிகா பஜார்ப் பெட்டி போலிதான். அதைச் செய்தவர்கள் யாருக்கும் உரிமைப் பணம் கொடுத்திருக்கமாட்டார்கள். அது சரியென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அது எங்கள் அலமாரியில் இருந்தது. அப்பா இடமாற்றம் பெற்றபோது யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

தம்பி சொன்னது வேறு. பெட்டியையும் கேசட்டையும் அம்மா துணியில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டாளாம். நோட்டுப் புத்தகமும் அதனுடன்தான் இருக்கிறதாம். "ஊர் வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்குப் பின்னால்" என்று சொல்லிவிட்டு அவன் பேச்சை நிறுத்தினான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் கோயம்புத்தூர்த் தெருவில் ஏதோ வண்டி போகும் ஓசை கேட்டது.

மறுநாள் காலை தரகருக்குப் பேசி, இந்த ஆண்டு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னேன். தைப் பொங்கலுக்குப் பிள்ளைகளுடன் ஊருக்குப் போவதாகத் தம்பி எழுதியிருக்கிறான். நாங்களும் பயணச்சீட்டுப் பதிந்துவிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரணில் கிடந்த பெட்டி ஓடுமோ ஓடாதோ. ஊர் வீட்டில் இருக்கும் பழைய குழாய்த் தொலைக்காட்சியை மட்டும் யாரும் தூக்கிப்போட வேண்டாம் என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முதல் ரிமோட் யாருக்கு என்பதை மகள் இப்போதே தீர்மானித்துவிட்டாள். அதில் எனக்கு அப்பீல் இல்லை.